திக்பாய் எண்ணெயும் நம் வீட்டுக் குங்கிலியமும்

"பெட்ரோலியம் எவ்வாறு உண்டாயிற்று?" என்று தேர்வில் கேட்டால் நம்மில் எவரும் தயங்குவதில்லை. "பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்கள் மடிந்து, கடலடிச் சேற்றில் புதைந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் எண்ணெயாக மாறின" என்று எழுதிவிட்டு, இரண்டு மதிப்பெண்ணை உறுதி செய்துகொண்டு, அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். அந்த விடை தவறு என்று சொல்ல நாங்கள் வரவில்லை. உலகில் கிடைக்கும் எண்ணெயில் பெரும்பகுதிக்கு அது பொருந்தும். அரபு நாடுகளின் எண்ணெய்க்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் நம் நாட்டில் முதன்முதலாக எண்ணெய் எடுத்து வணிகம் நடத்திய அசாமுக்கு அது முழுவதும் பொருந்தாது. அங்கே கரையில் நின்ற காட்டுக்கும் பெரும்பங்கு உண்டு. இது எங்கள் கற்பனையன்று. அந்த எண்ணெயே தன் வாயால் சொல்லும் செய்தி. எண்ணெய் எப்படிப் பேசும் என்பதையும், அந்த 'எப்படி' நம் பாடத்தில் ஏன் இடம்பெற வேண்டும் என்பதையும் எடுத்துரைக்கவே மேல்நிலை இரண்டாம் ஆண்டு அறிவியல் பிரிவு மாணவியராகிய நாங்கள் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதலில் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துக்கொள்வோம். தமிழில் மரத்திலிருந்து வடிந்து கெட்டியாகும் எதையும் 'பிசின்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பெயரிலேயே வேம்பின் ஒலியைத் தாங்கிய நம் வேப்பனப்பள்ளியில் வேப்பம்பிசினை அறியாத குழந்தை இல்லை. கருவேலம் பிசின், முருங்கைப் பிசின், கோடையில் பானத்தில் ஊறப்போடும் பாதாம் பிசின் எல்லாம் அதே இனம். இவை நீரில் ஊறும் அல்லது கரையும். சர்க்கரை மூலக்கூறுகள் நீண்ட சங்கிலியாகக் கோத்து ஆனவை இவை. ஆகவே மண்ணில் விழுந்தால் நுண்ணுயிர்கள் விருந்தாக எண்ணி உண்டு தீர்த்துவிடும். கோடி ஆண்டு என்ன, சில மழைக்காலங்களைக் கூட இவை தாங்குவது அரிது.

குங்கிலியம் அவ்வாறன்று. நாட்டு மருந்துக் கடையில் சிறிது குங்கிலியம் வாங்கி, பாதியை ஒரு கிண்ணம் நீரிலும் மீதியை ஒரு கிண்ணம் டர்ப்பன்டைனிலும் போட்டு வைத்துப் பாருங்கள். (அடுப்புப் பக்கம் வேண்டாம், டர்ப்பன்டைன் எளிதில் தீப்பற்றும்.) நீரில் போட்டது மறுநாளும் கல் போலக் கிடக்கும். டர்ப்பன்டைனில் போட்டது கரைந்து வார்னிஷ் போலாகிவிடும். நீரை வெறுத்து எண்ணெயை நாடும் குணம் அதற்கு உண்டு. அக்காலத்தில் கடற்கரையில் படகுப் பலகைகளின் இடுக்கை அடைக்கக் குங்கிலியத்தைப் பயன்படுத்தியது இதனால்தான். புண்ணுக்குத் தடவும் குங்கிலிய வெண்ணெய் சித்த மருத்துவத்தில் இன்றும் உண்டு. காயம்பட்ட மரம் பூச்சியும் பூஞ்சையும் புகாதபடி தன் புண்ணுக்குத் தானே இட்டுக்கொள்ளும் களிம்பு அது. மரத்துக்கு மருந்தானது மனிதனுக்கும் மருந்தானதில் வியப்பில்லை.

இந்தக் குங்கிலியத்தைத் தரும் மரங்களில் தலையாயது டிப்டிரோகார்ப்பேசி என்னும் குடும்பம். இரண்டு இறக்கைகள் கொண்ட கனி என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். வட இந்தியாவின் சால் மரம், மேற்குத் தொடர்ச்சி மலையின் வெள்ளைக் குங்கிலிய மரம் ஆகியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் எல்லைக்கு அப்பால் பெங்களூரைச் சுற்றியுள்ள வறண்ட காடுகளிலும் இக்குடும்பத்து மரம் ஒன்று நிற்கிறது. கன்னடத்தாரும் தெலுங்கரும் அதை 'ஜாலாரி' என்பார்கள். அதன் கிளைகளில் அரக்குப் பூச்சி வளர்த்து அரக்கு எடுத்த காலம் மைசூர்ப் பக்கத்தில் உண்டு. திருப்பதியின் சேஷாசல மலைகளில் அதன் உறவான 'தம்ப ஜாலாரி' வளர்கிறது. வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் பள்ளியில் தமிழும் பேசும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இந்த மரத்தை மூன்று மொழியிலும் விசாரிக்கும் வசதி உண்டு. பாட்டிமாரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

இங்கே ஒரு குறிப்பைச் சொல்லிவிட வேண்டும். நம் ஆலயத்தில் தூபக் கலசத்திலிருந்து எழும் மணம் பெரும்பாலும் குந்திரிக்கத்தின் மணம். அது வேறு மரம், வேறு குடும்பம். வீட்டில் போடும் சாம்பிராணியோ இன்னொரு குடும்பத்து மரத்தின் பால். புகையாகும்போது மூன்றும் ஒன்றுபோலத் தோன்றினாலும் மூலக்கூறு அளவில் மூன்றும் வெவ்வேறு. மூக்கு ஏமாறலாம், நாம் சொல்லப்போகும் கருவி ஏமாறாது.

இனி அசாமுக்குச் செல்வோம். திக்பாயில் 1889-ஆம் ஆண்டு எண்ணெய்க் கிணறு தோண்டத் தொடங்கினர். காட்டில் மரம் இழுத்த யானையின் காலில் கருப்பு எண்ணெய் ஒட்டியிருந்ததைக் கண்டு தோண்டினார்கள் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியோ, 1901-இல் அங்கே நிறுவப்பட்ட சுத்திகரிப்பு ஆலை இன்றும் இயங்குகிறது. ஆசியாவிலேயே பழமையானது அது. அந்த ஊரைச் சுற்றியுள்ள திஹிங் பட்காய் மழைக்காடு 2021-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அக்காட்டில் மற்ற மரங்களுக்கு மேலே தலை நீட்டி, நாற்பது மீட்டருக்கும் மேல் ஓங்கி நிற்பது ஹொல்லாங் மரம். அசாம் மாநிலத்தின் அரசு மரமும் அதுவே. அது எந்தக் குடும்பம் என்று நினைக்கிறீர்கள்? அதே டிப்டிரோகார்ப்பேசிதான்! மண்ணுக்கு மேலே ஹொல்லாங் நிற்க, மண்ணுக்கு ஆயிரக்கணக்கான அடி கீழே கிடக்கும் எண்ணெயில் அதன் மூதாதையரின் குங்கிலியம் கலந்திருக்கிறது. இதனினும் அழகான செய்தி எங்கள் வேதியியல் நூல் முழுவதிலும் இல்லை என்பது எங்கள் கருத்து.

கலந்திருக்கிறது என்று எப்படி அறிவது? எண்ணெயை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அது கருப்பாகத்தான் தெரியும்.

இதற்கு வழி திறந்தவர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர். 1934-ஆம் ஆண்டு அவர் எண்ணெயிலும் பாறையிலும் போர்ஃபிரின் என்னும் சேர்மத்தைக் கண்டார். அது இலையின் பச்சையமாகிய குளோரோஃபில்லின் எலும்புக்கூடு. பச்சையத்தின் நடுவில் மக்னீசியம் இருக்கும் என்று படித்திருக்கிறோம். எண்ணெயில் கண்டதில் அவ்விடத்தில் வனேடியம் அமர்ந்திருந்தது. உயிர் மடிந்து, உடல் சிதைந்து, உலோகம் கூட மாறிவிட்ட பின்னும் சட்டகம் மாறவில்லை. எண்ணெய் உயிரிலிருந்து வந்தது என்பதற்கு அது அசைக்க முடியாத சான்றாயிற்று. இத்தகைய சேர்மங்களை வேதியியலார் பயோமார்க்கர் என்கின்றனர். நாம் 'உயிர்ச்சுவடு' எனலாம். மணலில் மயில் கால்தடம் கண்டால் மயிலைக் காணாமலே வந்தது மயில் என்று சொல்கிறோமல்லவா, அதைப் போல.

கச்சா எண்ணெயில் உயிர்ச்சுவடுகள் மிகச் சிறிதளவே உள்ளன. பத்து லட்சம் பங்கில் சில பங்கு முதல் சில நூறு பங்கு வரை இருக்கும். எரிபொருள் என்ற முறையில் அவற்றுக்கு மதிப்பே இல்லை. அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் லாரி ஓடும். ஆனால் எண்ணெய் எங்கே, எப்போது, எதிலிருந்து பிறந்தது என்பதைச் சொல்ல வல்லவை அவைதாம்.

அவற்றைத் தேடும் முறை இரண்டு கட்டங்களாக நடைபெறும். முதலாவது பிரித்தல். எண்ணெயின் ஒரு துளியிலும் சிறிய பகுதியை ஒரு குழாயில் செலுத்துவர். அக்குழாய் 30 மீட்டரோ 60 மீட்டரோ நீளமுள்ளது. உள்விட்டமோ கால் மில்லிமீட்டர். சுருட்டி ஓர் அடுப்புக்குள் வைத்திருப்பார்கள். ஹீலியம் வாயு எண்ணெய் ஆவியைத் தள்ளிக்கொண்டு போகும்; அடுப்பின் வெப்பம் படிப்படியாக ஏறும். இலேசான மூலக்கூறுகள் முந்தி ஓடும். குழாயின் உட்பூச்சோடு ஒட்டிக்கொள்பவை பின்தங்கும். விளையாட்டு விழாவில் ஒரே கோட்டில் நின்ற நாம் ஓட்டம் முடியும்போது ஒருவர் பின் ஒருவராக வருவது போல, நூற்றுக்கணக்கான சேர்மங்கள் தனித்தனியே வெளியே வரும். இதுவே கேஸ் குரோமட்டோகிராபி.

இரண்டாவது கட்டந்தான் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். தமிழில் நிறை நிறமாலைமானி என்பர். குழாயிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு மூலக்கூறையும் எலக்ட்ரான் கற்றை தாக்கும். மூலக்கூறு மின்னேற்றம் பெற்று அயனியாகும்; அவற்றில் பல உடையவும் செய்யும். அந்தத் துண்டுகளை நான்கு உலோகத் தண்டுகளுக்கு நடுவே செலுத்தி, மின்புலத்தை மாற்றி மாற்றி, எடைவாரியாகப் பிரித்து எண்ணுவார்கள். கண்ணாடி வளையல் கீழே விழுந்தால் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாக உடையும். மூலக்கூறு அப்படியன்று. கோடிக்கணக்கான ஒரே வகை மூலக்கூறுகளை ஒரே விசையோடு தாக்கினால், வலுவற்ற இணைப்புகளில் அவை மீண்டும் மீண்டும் ஒரே பாங்கில் உடையும். உடைந்த துண்டுகளின் எடைப்பட்டியலே அம்மூலக்கூறின் கைரேகை.

இங்கே ஒரு கணக்குப் போடுவோம்; பத்தாம் வகுப்புத் தங்கைகளும் போடலாம். கார்பனின் நிறை 12, ஹைட்ரஜனின் நிறை 1. எண்ணெயில் முப்பது கார்பனும் ஐம்பத்திரண்டு ஹைட்ரஜனும் கொண்ட மூலக்கூறுகள் பல உண்டு. நிறை என்ன? 360 உடன் 52-ஐக் கூட்டினால் 412. இந்த 412 நிறையுள்ளவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று ஹோப்பேன், பாக்டீரியாவின் உயிரணுச் சவ்விலிருந்து வந்தது. இரண்டாவது ஒலியனேன், பூக்கும் தாவரங்களிலிருந்து வந்தது. மூன்றாவது பைகேடினேன், குங்கிலியத்திலிருந்து வந்தது. மூன்றுக்கும் வாய்பாடு ஒன்று, எடை ஒன்று. தராசில் வைத்தால் ஒருவரை ஒருவரிடமிருந்து பிரித்தறிய இயலாது.

ஆனால் உடையும்போது வேறுபாடு வெளிப்படுகிறது. ஹோப்பேனும் ஒலியனேனும் உடைந்தால் 191 நிறையுள்ள துண்டு மிகுதியாகக் கிடைக்கும். பைகேடினேனோ தன் ஓரத்திலுள்ள ஐசோப்ரொப்பைல் தொகுதியை உதிர்க்கும். அதன் நிறை 43. 412-இலிருந்து 43 போனால் 369. ஆகவே 369 நிறைத் துண்டு ஓங்கித் தெரிந்தால் குங்கிலியம் இருக்கிறதென்று ஐயம் எழும். சரி, ஹோப்பேனையும் ஒலியனேனையும் எப்படிப் பிரிப்பது? அதற்குத்தான் முதற்கட்ட ஓட்டப்பந்தயம். ஒலியனேன் ஹோப்பேனுக்குச் சற்று முன்னால் குழாயை விட்டு வெளியே வந்துவிடும். நேரமும் எடையும் உடைவும் ஆகிய மூன்றும் ஒத்துச் சொன்னால்தான் சாட்சி ஏற்கப்படும்.

பைகேடினேனைக் கண்டுபிடித்த வரலாறு எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி. தூரகிழக்கு நாடுகளின் கச்சா எண்ணெயில் எந்தப் பட்டியலிலும் இல்லாத சில சேர்மங்கள் தலைகாட்டின. 1983-இல் வெளிவந்த ஆய்வொன்றில் அவற்றுக்குப் பெயரே வைக்க முடியாமல் டபிள்யூ, டி, ஆர் என்று எழுத்துகளை மட்டும் இட்டார்கள். பதிவேட்டில் பெயர் தெரியாத பிள்ளைக்குக் குறி போட்டு வைப்பதைப் போல! 1986-இல் நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் வடிவத்தை உறுதி செய்து பைகேடினேன் என்று பெயரிட்டனர். பின்னர் 1990-இல், டிப்டிரோகார்ப்பேசி மரங்களின் குங்கிலியத்தில் உள்ள பாலிகேடினீன் என்னும் நெடுஞ்சங்கிலியே அதன் தாய் என்பது விளங்கிற்று. கேடினீன் ஒன்றின் நிறை 204. இரண்டு சேர்ந்தால் 408. நான்கு ஹைட்ரஜன் கூடினால் 412. கணக்கு நேராகிறது பாருங்கள்.

இவ்வாறு பெயரில்லாமல் தொடங்கிய தேடல் ஒரு மரத்தின் காலடியில் வந்து முடிய ஏழு ஆண்டுகள் ஆயின. தேர்வில் நாம் எழுதும் விடைகளில் இந்த ஏழு ஆண்டுப் பொறுமையின் சுவடே தெரிவதில்லை. விளைவை மனப்பாடம் செய்கிறோம். வழியை எவரும் கேட்பதுமில்லை.

நம் நாட்டில் இத்துறையில் மும்பை ஐ.ஐ.டி.யின் புவி அறிவியல் ஆய்வாளர்கள் சிறந்த பணி செய்துள்ளனர். மேல் அசாமின் எண்ணெய்களை அவர்கள் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட கட்டுரை, அவற்றில் பைகேடினேன்களும் பூக்கும் தாவரங்களின் பிற சுவடுகளும் இருப்பதை எடுத்துக்காட்டுகிறது. அந்த எண்ணெய்க்குத் தாயாகிய நிலக்கரிப் படிவுகளும் களிப்பாறைகளும் ஏறக்குறைய இரண்டரைக் கோடி ஆண்டு முதல் ஐந்தரைக் கோடி ஆண்டு வரை பழமையானவை. ஆற்றுமுகத்திலும் சதுப்பிலும் வளர்ந்த வெப்பமண்டலக் காட்டின் இலையும் மரப்பட்டையும் குங்கிலியமும் ஆற்று வண்டலில் புதைந்து எண்ணெயாயின. பாடத்தில் வரும் கடல் நுண்ணுயிர் மட்டும் இதைச் செய்யவில்லை.

இது குங்கிலியச் சுவடு எல்லா எண்ணெயிலும் தானாக வந்துவிடும் பொதுச் சரக்காக இருக்கக்கூடாதா என்று ஒருத்தி கேட்கலாம். நல்ல கேள்வி. இராஜஸ்தானத்தின் மேற்கே பாகேவாலா என்னுமிடத்தில் 1991-இல் கனமான எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. அதன் தாய்ப்பாறை ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. நிலத்தில் செடி என்ற ஒன்றே தோன்றாத காலம் அது. அந்த எண்ணெய்க்கு மூலம் பாசியும் பாக்டீரியாவும். அந்த எண்ணெயில் பைகேடினேன் இல்லை, ஒலியனேன் இல்லை. மரமே இல்லாத காலத்து எண்ணெயில் மரத்தின் சுவடும் இல்லை. சாட்சி பொய் சொல்லவில்லை என்பதற்கு வேறென்ன வேண்டும்?

குங்கிலியம் எண்ணெயில் கரையாமல் கல்லாகவே கிடைத்த இடமும் நம் நாட்டில் உண்டு. குஜராத்தில் சூரத் மாவட்டத்து வஸ்தான் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் அம்பர் என்னும் கல்லாகிப்போன மரப்பால் 150 கிலோவுக்கும் மேல் சேகரிக்கப்பட்டது. அதன் வயது ஐந்து கோடி ஆண்டுக்குச் சற்று மேல். அதற்குள் சிக்கிய எறும்பு, ஈ, வண்டு, சிலந்தி போன்ற சிற்றுயிர்கள் எழுநூறுக்கும் மேலாகப் பொறுக்கியெடுக்கப்பட்டன. 2010-இல் இச்செய்தி வெளியானபோது நாளிதழ்கள் பூச்சிகளின் படத்தைத்தான் பெரிதாகப் போட்டன. எங்களுக்கோ பூச்சியைவிட அது சிக்கிய பாலே பெரிதாகத் தோன்றுகிறது. அதன் வேதியியல் அது டிப்டிரோகார்ப்பேசி மரத்தின் குங்கிலியம் என்று காட்டியது.

அதனால் என்ன என்கிறீர்களா? இன்று மலேயா, போர்னியோ காடுகளை ஆள்பவை இந்த மரங்கள். ஆகவே அவை அங்கே தோன்றிப் பின் இந்தியாவுக்கு வந்தன என்று எண்ண இடமிருந்தது. ஆனால் ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா ஆசியாவோடு மோதத் தொடங்கிய காலத்திலேயே அவை குஜராத்தில் காடாக நின்றிருக்கின்றன. இந்தியா என்னும் பெருந்தெப்பம் அவற்றைச் சுமந்து சென்று ஆசியாவில் இறக்கியது என்பதே பொருந்துகிறது. அவற்றின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா என்றும், அங்கிருந்து இந்தியாவுக்கு வந்தன என்றும் 2022-இல் வெளியான ஆய்வு மகரந்தப் புதைபடிவங்களைக் கொண்டு வாதிடுகிறது. நிலப்படத்தில் இந்தியா நகர்ந்ததை அம்புக்குறி போட்டுப் படித்திருக்கிறோம். அந்த அம்புக்குறியின் மேல் ஒரு காடே பயணம் செய்தது என்று எந்த வகுப்பிலும் நாம் கேட்டதில்லை.

இப்போது எங்கள் கருத்துக்கு வருகிறோம். பெட்ரோலியப் பாடத்தில் ஒரே ஒரு வரியையும் ஒரே ஒரு செய்முறையையும் சேர்க்க வேண்டும் என்கிறோம். "சில எண்ணெய்கள், நம் அசாம் எண்ணெய் உட்பட, நிலத்துத் தாவரங்களிலிருந்தும் உருவாயின, அவற்றின் உயிர்ச்சுவடுகள் இதைக் காட்டுகின்றன" என்பது வரி. செய்முறை, மேலே நாம் சொன்ன கிண்ணத்துக் குங்கிலியம். விலையுயர்ந்த கருவி எதுவும் பள்ளிக்கு வேண்டா. கருவி தரும் வரைபடத்தின் படி ஒன்றைக் கரும்பலகையில் வரைந்து, 412, 369, 191 என்று எழுதி, "இது யார்?" என்று கேட்டால் போதும். துப்பறியும் கதையை விரும்பாத மாணவி எங்கள் வகுப்பில் இல்லை.

இதற்கு வரும் மறுப்பை நாங்கள் அறிவோம். "எண்ணெய்க் கிணறே இல்லாத ஊரில் இது என்னாத்துக்கு? பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு கெமிஸ்ட்ரி எதுக்கு?" என்று கேட்கும் பெரியோர் உண்டு. அன்போடு மறுமொழி கூறுகிறோம். இதே கருவி நம் வாசலுக்கே வந்துவிட்டது. கிருஷ்ணகிரி மாங்கூழ் அயல்நாடு செல்லுமுன் அதில் பூச்சிமருந்து எஞ்சியுள்ளதா என்று பார்ப்பது இக்கருவியின் இனத்தைக் கொண்டுதான். பெட்டி பெட்டியாகத் தோட்டத்தில் மருந்தடிக்கும் தந்தையர் இதைச் சற்று எண்ண வேண்டும்: மாம்பழத்தின் கதையும் எண்ணெயின் கதையைப் போலவே ஏதோ ஓர் ஆய்வகத்தில் படிக்கப்படுகிறது. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ஒரு சொட்டு இரத்தத்திலிருந்து பரம்பரை நோய்களைக் கண்டறிவதும் இதே கருவி. மருந்து ஆலைகளில் மருந்தின் தூய்மையைப் பார்க்கவும் இது பயன்படுகிறது.

நீதி கேட்கவும் இது பயன்படும். 2017 ஜனவரி 28-ஆம் நாள் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, மக்கள் வாளியால் அள்ளிய காட்சியைத் தொலைக்காட்சியில் தமிழகமே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு அதே எண்ணூர்க் கழிமுகத்தில் மீண்டும் எண்ணெய் படர்ந்தது. வலை பாழாயிற்று, மீன் செத்தது. இத்தகைய வேளையில் முதற்கேள்வி, இது யாருடைய எண்ணெய் என்பதே. கப்பல் எண்ணெயா, ஆலை எண்ணெயா? வெயிலும் அலையும் எண்ணெயின் இலேசான பகுதிகளை விரைவில் அழித்துவிடும். உயிர்ச்சுவடுகள் எளிதில் அழியா. அமெரிக்காவின் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் 1989-இல் எண்ணெய் கொட்டிய பின், அக்கரையில் கண்ட தார் உருண்டைகளில் சில அக்கப்பலுடையவையே அல்ல என்று மூலக்கூறுகள் காட்டின. அவை கலிபோர்னியாவிலிருந்து வாங்கி வைத்திருந்த பழைய எண்ணெய்ப் பொருள். 1964-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தொட்டிகள் உடைந்து கடலில் கலந்தவை. கால் நூற்றாண்டு கழித்தும் சுவடு பேசியது. அப்படிப் பேச வைக்கத் தெரிந்த ஒரு வேதியியலாளர் எண்ணூர் மீனவப் பெண்ணின் பக்கம் நின்றால், அவள் வெறுங்கையோடு திரும்ப மாட்டாள். அந்த வேதியியலாளர் ஏன் நம்மில் ஒருத்தியாக இருக்கக்கூடாது?

பள்ளி முடித்தவுடன் ஓசூர்த் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறும் அக்காமாரை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் சம்பளத்தில் அடைந்த கடன்களும் படித்த தம்பிமாரும் இவ்வட்டாரத்தில் எத்தனையோ. தம்பிகள் படித்தது மகிழ்ச்சியே. அக்காள் படிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசலாம் என்றுதான் சொல்கிறோம். அதே தொழிற்சாலைகளுக்கு ஆய்வகங்களும் உண்டு. அங்கே வேதியியல் பட்டம் பெற்றவர்களே அமர்கிறார்கள். தாவரச் சேர்மங்களை ஆராய்ந்து புகழ்பெற்ற அசிமா சட்டர்ஜி 1944-லேயே கல்கத்தாவில் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்பட்டம் பெற்ற முதற்பெண் அவர். எண்பது ஆண்டுகளுக்கு முன் கல்கத்தாவில் முடிந்தது இன்று வேப்பனப்பள்ளியில் முடியாதா? பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று வீட்டில் பேச்சு எழும் மே மாதத்தில், "அறிவியல் வேண்டா, செலவு" என்ற சொல்லை ஒருநாள் தள்ளிப்போட்டுப் பாருங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொரு வேண்டுகோள் அருட்சகோதரியருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும். ஆண்டுதோறும் சுற்றுலா என்றால் பெங்களூர்ப் பூங்காவும் மைசூர் அரண்மனையுமே. அரண்மனையை நாங்கள் எத்தனை முறைதான் பார்ப்பது? விழுப்புரம் மாவட்டம் திண்டிவனத்துக்கு அருகே திருவக்கரை என்னும் ஊரில் கல்மரப் பூங்கா உள்ளது. ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கல்லான பெருமரங்கள் அங்கே கிடக்கின்றன. 1781-லேயே சொன்னரா என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றி எழுதினார். அவ்வட்டாரத்துக் கல்மரங்களுள் டிப்டிரோகார்ப்பேசி மரங்களும் உண்டு. ஆம், குங்கிலிய மரங்கள் தமிழ்நாட்டுச் சமவெளியிலேயே காடாக நின்ற காலம் ஒன்று இருந்தது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியிலும் அவ்வகைக் கெட்டிப்பாலின் துணுக்குகள் பொதிந்து கிடக்கின்றன.

கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி வழியாகச் சாலை நேராகச் செல்கிறது. விடியுமுன் புறப்பட்டால் இரவுக்குள் விடுதிக்குத் திரும்பிவிடலாம். கட்டுச்சோறு நாங்களே கொண்டுவருகிறோம். கல்மரத்தைத் தொட்டுப் பார்க்கலாம், பெயர்த்து எடுத்து வரக்கூடாது என்ற விதியையும் இப்போதே எல்லோருக்கும் சொல்லி வைத்துவிட்டோம்.